ஒரே இதழ், உலாவிக்கு ஒரு பெயர்: தமிழ்க் கோப்புப்பெயர்கள் சிதைந்த நிகழ்வின் ஆய்வு

தமிழில் வெளிவரும் ஒரு மாத இதழின் பதிப்பகம், பழைய இதழ்களைச் சந்தாதாரர்களுக்கு இணையத்தில் கொடுத்துவந்தது. பிஎச்பி நிரல்மொழியில் எழுதப்பட்ட சிறிய தளம், அப்பாச்சி சர்வர். சந்தா எண்ணைக் கொடுத்து உள்ளே நுழைந்தால் இதழ்களின் பட்டியல் வரும். ஒன்றைச் சொடுக்கினால் பிடிஎஃப் அல்லது ஈபப் (மின்னூல்) கோப்பு இறங்கும். கோப்பின் பெயர் "ஆனி இதழ் - கதை, கவிதை" என்பது போலத் தமிழிலேயே இருக்கும். 2013ஆம் ஆண்டின் இறுதியில் புகார்கள் வரத் தொடங்கின. அலுவலகக் கணினிகள் எல்லாவற்றிலும் ஃபயர்ஃபாக்ஸ் இருந்தது; அதில் எந்தக் கோளாறும் தெரியவில்லை. அதனால் கொஞ்ச காலம் "உங்கள் கணினியைப் பாருங்கள்" என்ற பதிலே வாசகர்களுக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் விடாமல் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, இதழ் இறங்குகிறது, திறந்தால் படிக்கவும் முடிகிறது. பெயர் மட்டும் எந்த மொழி என்றே தெரியவில்லை. பத்து இதழை இறக்கி வைத்தால் எது எந்த மாதத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பேன்?" சந்தாப் பிரிவில் இருந்தவர், "ஐயா, திரையைப் படம் எடுத்து அனுப்புங்கள்" என்று கேட்டு வாங்கினார். அந்தப் படம்தான் வழியைத் திறந்தது. வேலை எங்கள் கைக்கு வந்தபோது அந்தப் படமும், கலைத்துப்போட்ட ஒரு மின்னஞ்சல் குவியலும் கூடவே வந்தன.

புகார்கள்

ஆசிரியர் அனுப்பிய படத்தில் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் இருந்த இடத்தில் தலையில் சாய்கோடு போட்ட ஓர் ஆங்கில எழுத்து, அதை அடுத்து ® குறி, அதன் பின் ஏதோ ஒரு சின்னம் என்று மும்மூன்றாக நின்றன. இந்த ® குறியைப் பார்த்தவுடனேயே பாதி நோய் புரிந்துவிடும். யூனிகோடில் தமிழ் எழுத்தும் துணைக்குறியும் ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் மூன்று பைட் பிடிக்கின்றன. பதினாறடிமான எண்ணில் (10 முதல் 15 வரையுள்ளவற்றை ஏ முதல் எஃப் வரையான எழுத்துகளால் எழுதும் முறை) முதல் பைட் எப்போதும் இ0. இரண்டாவது பைட், உயிரெழுத்துகளுக்கும் மெய்களுக்கும் ஏஇ. ஈகார, உகர, எகரக் குறிகளும் புள்ளியும் வரும் பகுதிக்கு ஏஎஃப். மேற்கு ஐரோப்பிய எழுத்து அட்டவணையில் ஏஇ என்ற பைட்டின் உருவம் ®. ஆகவே தமிழ்ப் பெயரைச் சர்வர் ஒழுங்காகத்தான் அனுப்பியிருக்கிறது. வாங்கிய உலாவி அதை மேற்கு ஐரோப்பிய எழுத்து என்று எடுத்துக்கொண்டுவிட்டது. அந்த வாசகர் விண்டோஸ் 7 வைத்திருந்தார், அப்போதுதான் தானாகவே புதுப்பிக்கப்பட்டு வந்திருந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11இல் தளத்தைத் திறந்திருந்தார்.

குரோம் பயன்படுத்தியவர்களின் புகார் வேறு. பெரும்பாலான இதழ்கள் சரியாக இறங்கின. சில இதழ்களைச் சொடுக்கினால் மட்டும், ஒரே ஹெடர் (கோப்புக்கு முன்னால் சர்வர் அனுப்பும் விவர வரி) பலமுறை வந்திருக்கிறது என்ற பிழைப் பக்கம் வந்து நின்றுவிடும். விண்டோஸ் எக்ஸ்பியில் எக்ஸ்ப்ளோரர் 8 வைத்திருந்தவர்கள் இரண்டு விதமாக எழுதியிருந்தார்கள்: முன்பு பெயரில் சொற்களுக்கு நடுவே கூட்டல் குறி வந்துகொண்டிருந்தது, தளம் பாதுகாப்பான இணைப்பான எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறிய பிறகு கோப்பே இறங்கவில்லை, "இந்தத் தளத்தைத் திறக்க முடியவில்லை" என்ற பெட்டிதான் வருகிறது. இவற்றோடு சேராத ஒரு புகாரும் இருந்தது. ஈபப் கோப்புகளை மின்னூல் கருவிகள் சில ஏற்க மறுத்தன. எந்த உலாவியில் இறக்கினாலும் அவை மறுத்தன. அதைப் பிறகு பார்ப்போம்.

பழைய நிரல்

பதிவிறக்கத்தைக் கவனித்த நிரல், கேட்பது எந்த உலாவி என்று முதலில் பார்த்தது. உலாவி தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் யூசர்-ஏஜென்ட் வரியில் எக்ஸ்ப்ளோரரின் சுருக்கப் பெயரான "எம்எஸ்ஐஇ" இருந்தால் பெயரை விழுக்காட்டுக் குறியாக்கம் (ஒவ்வொரு பைட்டையும் % குறியோடு எண்ணாக எழுதுவது) செய்து அனுப்பும். "ஃபயர்ஃபாக்ஸ்" இருந்தால் மின்னஞ்சலில் தலைப்புகளை எழுதும் முறையில், அதாவது இணையத் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 2047 சொல்லும் விதத்தில், பேஸ்64 (பைட்டுகளை ஆங்கில எழுத்துகளும் எண்களுமாக மாற்றும் முறை) ஆக்கி அனுப்பும். இரண்டும் இல்லையென்றால் யூடிஎஃப்-8 பைட்டுகளை அப்படியே, மேற்கோள் குறிகூடப் போடாமல் அனுப்பும். இந்த மூன்று கிளைகளையும் எழுதியவர் ஒன்றும் தெரியாமல் எழுதவில்லை. அவர் எழுதிய காலத்தில் அந்தந்த உலாவி அப்படித்தான் நடந்துகொண்டது. எக்ஸ்ப்ளோரர் விழுக்காட்டுக் குறியாக்கத்தைப் பிரித்துப் படிக்கும். ஃபயர்ஃபாக்ஸ் அதைப் பிரிக்காமல் குறிகளோடு அப்படியே பெயராகக் காட்டும், ஆனால் மின்னஞ்சல் முறையைப் புரிந்துகொள்ளும். சஃபாரி பச்சைப் பைட்டுகளைச் சரியாகப் படிக்கும். ஒவ்வொன்றாகச் சோதித்துத்தான் எழுதியிருந்தார்.

உடைந்தது எங்கே என்றால், எக்ஸ்ப்ளோரர் 11 தன் யூசர்-ஏஜென்ட் வரியிலிருந்து "எம்எஸ்ஐஇ" என்ற சொல்லையே எடுத்துவிட்டது. 2013 அக்டோபரில் விண்டோஸ் 8.1 உடன் வந்த அந்தப் பதிப்பு தன்னை "ட்ரைடென்ட்/7.0" என்றும் "கெக்கோ போன்றது" என்றும் சொல்லிக்கொண்டது. ட்ரைடென்ட் அதன் சொந்தப் பொறி, கெக்கோ ஃபயர்ஃபாக்ஸின் பொறி. மைக்ரோசாஃப்ட் வேண்டுமென்றேதான் இதைச் செய்தது. எக்ஸ்ப்ளோரர் என்று கண்டதும் பழைய, குறைந்த தரப் பக்கத்தை அனுப்பும் தளங்கள் ஏராளமாக இருந்தன. அவற்றிலிருந்து தப்ப அது பெயரை மறைத்தது. எங்கள் நிரலில் அது மூன்றாவது கிளைக்குப் போய் விழுந்தது. பச்சைப் பைட்டுகள் கிடைத்தன. கணினியின் இயல்பான எழுத்து அட்டவணையை வைத்து அவற்றைப் படித்தது. ® குறிகள் வந்தன.

யூசர்-ஏஜென்ட் வரியின் வரலாறே இப்படிப் பெயர் மறைத்த வரலாறுதான். நெட்ஸ்கேப் காலத்தில் "மொசில்லா" என்று சொன்ன உலாவிக்கு மட்டும் சர்வர்கள் நல்ல பக்கத்தை அனுப்பியதால், பின்னால் வந்த உலாவிகளில் பெரும்பாலானவை தம்மை மொசில்லா என்றே சொல்லிக்கொள்கின்றன; இன்றுவரை அந்தச் சொல்லில்தான் அவற்றின் வரி தொடங்குகிறது. குரோமின் வரியில் சஃபாரியின் பெயர் இருக்கிறது. 2015இல் வந்த எட்ஜின் வரியில் குரோம், சஃபாரி இரண்டின் பெயரும் இருந்தன. ஒபெரா பத்தாம் பதிப்பை வெளியிட்டபோது, இரண்டு இலக்க எண்ணைப் படிக்கத் தெரியாத நிரல்களுக்கு அஞ்சி, வரியில் 9.80 என்றே போட்டுக்கொண்டது. ஐபோனில் குரோம் என்ற பெயரில் நிறுவினாலும் உள்ளே இருப்பது சஃபாரியின் வெப்கிட் பொறிதான். இப்படிப்பட்ட ஒரு வரியை நம்பிச் சர்வர் முடிவெடுக்கக் கூடாது என்பதே இந்த நிகழ்விலிருந்து நான் உறுதியாகச் சொல்ல விரும்புவது. கேட்பவர் யார் என்று பார்க்காமல், எல்லோருக்கும் ஒரே விடையை, தரநிலை சொல்லும் வடிவத்தில் அனுப்ப வேண்டும். அது முடியும். 2011 முதலே அதற்கு வழி இருந்தது.

பெயர் போகும் வழி

பதிவிறக்கத்தில் கோப்பின் பெயரைச் சொல்லும் ஹெடர் கன்டென்ட்-டிஸ்பொசிஷன். அது வலைக்காகப் பிறந்தது அல்ல. மின்னஞ்சல் இணைப்புகளுக்காக 1990களில் எழுதப்பட்டது. 1997இல் வந்த ஆர்எஃப்சி 2183 அதன் நிலைபெற்ற வடிவம். உலாவிகள் அதை எடுத்துப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டன. 1999இல், உலாவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் விதிமுறையான எச்டிடிபி 1.1க்கான ஆர்எஃப்சி 2616 வந்தபோது, இந்த ஹெடர் எச்டிடிபி தரநிலையின் பகுதி அல்ல, ஆனால் பரவலாகப் புழங்குவதால் குறித்துவைக்கிறோம் என்று பின்னிணைப்பில்தான் இடம் கொடுத்தது. ஆங்கில எழுத்து அல்லாத பெயரை எப்படி அனுப்புவது என்று வலைக்கெனத் தெளிவான விதி கிடையாது. விதி இல்லாத இடத்தில் ஒவ்வோர் உலாவியும் தனக்குத் தோன்றியதைச் செய்தது. ஆங்கிலம் மட்டும் எழுதியவர்களுக்கு இது தெரியவே இல்லை. தமிழும் ஜப்பானியமும் அரபியும் எழுதியவர்கள்தான் அவதிப்பட்டார்கள்.

2010 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 5987, 2011 ஜூனில் ஆர்எஃப்சி 6266 ஆகிய இரண்டும் சேர்ந்து இதைத் தீர்த்தன. ஒரே ஹெடரில் இரண்டு பெயர் கொடுக்கலாம். "ஃபைல்நேம்" என்பது பழைய உலாவிகளுக்கான எளிய ஆங்கில எழுத்துப் பெயர். "ஃபைல்நேம்*" என்று உடுக்குறி போட்டது உண்மையான பெயர். அதில் முதலில் குறியாக்கத்தின் பெயர், பிறகு இரண்டு ஒற்றை மேற்கோள் குறிகள், பிறகு விழுக்காட்டுக் குறியாக்கம் செய்த பைட்டுகள். உடுக்குறியைப் புரிந்துகொள்ளும் உலாவி அதை எடுத்துக்கொள்ளும். புரியாதது மற்றதை எடுத்துக்கொள்ளும். சர்வர் யாரையும் அடையாளம் காண வேண்டியதில்லை. ஃபயர்ஃபாக்ஸும் குரோமும் இதை முன்பே அறிந்திருந்தன. எக்ஸ்ப்ளோரர் 2011இல் வந்த 9ஆம் பதிப்பில் கற்றுக்கொண்டது, சஃபாரி 2012இல் வந்த 6ஆம் பதிப்பில். எங்களுக்குப் புகார் வந்த நேரத்தில் வழி திறந்து ஈராண்டுகள் ஆகியிருந்தன.

ஆனி இதழுக்கு நாங்கள் கடைசியில் அனுப்பிய வரியைத் தமிழ் எழுத்தில் எழுதிக் காட்டினால் இப்படி இருக்கும்:

கன்டென்ட்-டிஸ்பொசிஷன்: அட்டாச்மென்ட்; ஃபைல்நேம்="இதழ்-2013-06.பிடிஎஃப்"; ஃபைல்நேம்*=யூடிஎஃப்-8''%இ0%ஏஇ%86%இ0%ஏஇ%ஏ9%இ0%ஏஇ%பிஎஃப்...

முதல் பெயர் முழுக்க ஆங்கில எழுத்தில் இருக்கும். இரண்டாவதில் தெரியும் ஒன்பது பைட்டுகளும் ஆ, ன, இகரக் குறி ஆகிய மூன்றும்தான். வரிசை முக்கியம்: எளிய பெயர் முன்னால், உடுக்குறிப் பெயர் பின்னால். பழைய உலாவிகள் சில இந்த ஹெடரைப் பிரித்துப் படிப்பதில் தடுமாறின. எளிய பெயர் முன்னால் நின்றால் அவை பிழைத்துக்கொண்டன. தரநிலையே இந்த வரிசையைப் பரிந்துரைக்கிறது.

மேற்கோள் குறியை விட்டுவிடக் கூடாது. குரோமின் புகாருக்கு அதுதான் காரணம். "கதை, கவிதை" என்ற தலைப்பில் காற்புள்ளி இருக்கிறது. எச்டிடிபியில் காற்புள்ளி என்பது ஒரே ஹெடரின் பல மதிப்புகளைப் பிரிக்கும் குறி. மேற்கோளுக்குள் இல்லாத காற்புள்ளியைக் கண்டதும் குரோம் இரண்டு கன்டென்ட்-டிஸ்பொசிஷன் வந்திருப்பதாக எடுத்துக்கொண்டது. யாரோ நடுவில் ஹெடரைச் செருகியிருக்கலாம் என்று அஞ்சி மொத்தப் பதிலையும் நிராகரித்தது. காற்புள்ளி இல்லாத தலைப்புகள் பிழைத்துக்கொண்டன. எந்த இதழ்கள் இறங்கவில்லை என்ற பட்டியலைத் தலைப்புகளோடு எழுதி வைத்துப் பார்த்தபோதுதான் இந்தப் பொதுத்தன்மை கண்ணில் பட்டது.

எக்ஸ்ப்ளோரர் 8இல் வந்த கூட்டல் குறிக்குப் பிஎச்பியின் யூஆர்எல்என்கோட் செயல்கூறு காரணம். அது இணையப் படிவங்களுக்கானது. இடைவெளியைக் கூட்டல் குறியாக மாற்றும். கோப்புப்பெயரில் அந்தக் கூட்டலை எந்த உலாவியும் இடைவெளியாகத் திருப்பாது. ராயூஆர்எல்என்கோட் என்ற இன்னொரு செயல்கூறு இடைவெளியை %20 ஆக்கும், வேண்டியது அதுதான். ஜாவாஸ்கிரிப்டில் எழுதுபவர்களுக்கு இதே இடத்தில் வேறொரு பள்ளம்: என்கோட்யூஆர்ஐகம்பொனன்ட் ஒற்றை மேற்கோள், அடைப்புக்குறிகள், உடுக்குறி ஆகியவற்றைத் தொடாமல் விட்டுவிடும். உடுக்குறிப் பெயருக்குள் இவை பச்சையாக வரக் கூடாது. தனியே மாற்ற வேண்டும்.

எச்டிடிபிஎஸ்ஸில் கோப்பு இறங்காத சிக்கலுக்கும் பெயருக்கும் தொடர்பில்லை. பிஎச்பியில் செஷன் (வாசகரின் நுழைவை நினைவில் வைக்கும் ஏற்பாடு) தொடங்கியவுடன், பக்கத்தைச் சேமிக்காதே என்று சொல்லும் கேஷ்-கன்ட்ரோல், பிராக்மா ஹெடர்கள் தாமாகவே சேர்ந்துவிடும். எக்ஸ்ப்ளோரர் 8 வரை, பாதுகாப்பான இணைப்பில் "சேமிக்காதே" என்று வந்த கோப்பைத் தற்காலிகமாகக்கூட வட்டில் எழுத அது மறுத்தது. எழுதாத கோப்பை எப்படித் திறப்பது? 9ஆம் பதிப்பில் இதைத் திருத்திவிட்டார்கள். பதிவிறக்கப் பக்கத்துக்கு மட்டும் செஷனின் தானியங்கி ஹெடர்களை நிறுத்தி, "தனிப்பட்டது" என்று பொருள்படும் மதிப்பை மட்டும் அனுப்பினோம். சந்தாதாரரின் கோப்பு நடுவழிச் சர்வர்களில் தங்கக் கூடாது. அவருடைய சொந்தக் கணினியில் தங்கலாம். அந்த மதிப்பு சொல்வதும் அதுவே.

ஒரு பைட்

ஈபப் கோப்புகளை மின்னூல் கருவிகள் மறுத்த சிக்கல்தான் எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி. சர்வரில் இருந்த கோப்பு சரியாகத் திறந்தது. இறக்கிய கோப்பு திறக்கவில்லை. இரண்டின் அளவும் பைட் பிசகாமல் ஒன்றே. அளவு ஒன்றாக இருப்பதைப் பார்த்துவிட்டு, கருவியில்தான் கோளாறு என்று முன்பு ஒருமுறை மூடிவைத்திருக்கிறார்கள்.

இரண்டையும் பதினாறடிமான எண்களாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இறக்கிய கோப்பின் தொடக்கத்தில் 0ஏ என்ற ஒரு பைட் கூடுதலாக இருந்தது. அது ஒரு வரி முறிவு. மற்ற எல்லாமே ஓர் இடம் தள்ளி நின்றன. கடைசிப் பைட் காணவில்லை.

அமைப்புகளை வைத்திருந்த ஒரு பிஎச்பி கோப்பின் முடிவில், நிரலை மூடும் குறிக்குப் பிறகு யாரோ ஒரு வெற்று வரியை விட்டிருந்தார்கள். மூடும் குறியை ஒட்டி வரும் ஒரு வரி முறிவைப் பிஎச்பி விழுங்கிவிடும். அதற்கு அடுத்ததை வெளியே அனுப்பும். வழக்கமாக இப்படி நடந்தால் "ஹெடர்கள் ஏற்கெனவே போய்விட்டன" என்ற எச்சரிக்கை கத்தும். இந்தச் சர்வரில் வெளியீட்டை இடைத்தேக்கம் செய்யும் அமைப்பு இயங்கிக்கொண்டிருந்ததால் எச்சரிக்கை வரவில்லை; அந்த வரி முறிவு தேக்கத்தில் காத்திருந்து, கோப்புக்கு முன்னால் புறப்பட்டுப் போனது. கோப்பின் நீளம் என்று கன்டென்ட்-லெங்த் ஹெடரில் வட்டில் இருந்த அளவைச் சொல்லியிருந்தோம். உலாவி அத்தனை பைட்டுகளை எண்ணி வாங்கிக்கொண்டு நிறுத்திவிட்டது. முன்னால் ஒன்று கூடியதால் பின்னால் ஒன்று வெட்டுப்பட்டது.

பிடிஎஃப் இதைத் தாங்கும். படிக்கும் மென்பொருள்கள் பல கோப்பின் தொடக்கக் குறியை முதல் 1024 பைட்டுகளுக்குள் தேடிக் கண்டுபிடித்துவிடும். வாசகருக்கு ஒன்றும் தெரியாது. ஈபப் அப்படியல்ல. அது உள்ளுக்குள் ஒரு ஸிப் கோப்பு. அதன் முதல் உறுப்பு "மைம்டைப்" என்ற பெயருள்ள, சுருக்கப்படாத கோப்பாக இருக்க வேண்டும்; அதன் உள்ளடக்கம் 38ஆவது பைட்டில் தொடங்க வேண்டும். கண்டிப்பான கருவிகள் நேராக அந்த இடத்தில் பார்க்கும். எங்கள் கோப்பில் அது 39இல் இருந்தது. ஸிப்பின் முடிவில் வரும் 22 பைட் முடிவுப் பதிவில் கடைசி ஒன்று குறைந்தால், முழுப் பொருளடக்கத்தையும் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம். தாராளமான கருவிகள் சமாளித்தன, கண்டிப்பானவை மறுத்தன. புகார் ஒழுங்கில்லாமல் வந்ததற்கு அதுவே காரணம்.

வெற்று வரியை நீக்கினால் போதும் என்றார்கள். போதாது. நாளை இன்னொருவர் வேறொரு கோப்பைத் திருத்தும் செயலியில் சேமிக்கும்போது, யூடிஎஃப்-8 கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் குறி ஒட்டிக்கொள்ளும். மீண்டும் இதே நோய். பிஎச்பி கோப்புகளில் மூடும் குறியையே போடாமல் விடுவதை அணியின் விதியாக்கினோம். கோப்பை அனுப்பும் முன் தேங்கியிருக்கும் வெளியீடு எல்லாவற்றையும் அனுப்பாமல் அழித்துவிடச் செய்தோம். அதைவிட முக்கியமாக, கோப்பின் பைட்டுகளைப் பிஎச்பி தொடவே வேண்டாம் என்று முடிவுசெய்தோம்.

எடுத்த முடிவுகள்

அப்போது சர்வரையும் மாற்ற வேண்டியிருந்தது. புதியதில் அப்பாச்சிக்குப் பதில் என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருள் அமர்ந்தது. எக்ஸ்-ஆக்ஸெல்-ரீடைரக்ட் என்ற ஹெடரைப் பிஎச்பி அனுப்பினால், அதில் சொன்ன கோப்பை என்ஜின்எக்ஸே எடுத்துக் கொடுக்கும். சந்தா செல்லுமா என்று பார்ப்பதும் பெயரைச் சொல்வதும் பிஎச்பியின் வேலை. கொடுப்பது என்ஜின்எக்ஸின் வேலை. பாதியில் அறுந்த பதிவிறக்கத்தை விட்ட இடத்திலிருந்து தொடர உதவும் ரேஞ்ச் கோரிக்கைகளும் இதனால் இலவசமாகக் கிடைத்தன. கிராமத்து இணைப்பில் பெரிய ஸ்கேன் இதழ்களை இறக்கிய வாசகர்களுக்கு, பெயர் சரியானதைவிட இதுவே பெரிய உதவியாக இருந்தது என்று நினைக்கிறேன். முன்பு செஷன் கோப்பு பூட்டிக் கிடந்ததால், ஓர் இதழ் இறங்கி முடியும்வரை அதே வாசகரால் தளத்தில் வேறு பக்கத்தைத் திறக்க முடியாது. அந்தத் தொல்லையும் ஒழிந்தது.

வட்டில் இருந்த கோப்புகளுக்கு எண் மட்டுமே பெயர் என்று மாற்றினோம். தமிழ்ப் பெயர் தரவுத்தளத்தில் இருக்கும். இதற்கு இரண்டு காரணங்கள். பழைய நிரல், இணைப்பில் வந்த கோப்புப்பெயரை வாங்கி நேராக வட்டில் தேடியது. இரண்டு புள்ளியும் சாய்கோடும் சேர்த்து எழுதத் தெரிந்த எவரும் சர்வரின் வேறு கோப்புகளைக் கேட்டிருக்க முடியும். யாரும் கேட்டதற்கான தடயம் பதிவேடுகளில் இல்லை. ஆனாலும் அந்தக் கதவு ஒரு நாள்கூடத் திறந்திருக்கக் கூடாது. புதிய சர்வருக்காகக் காத்திராமல் முதலில் அதைத்தான் அடைத்தோம். இணைப்பில் இப்போது எண் மட்டும்தான் வரும்.

இரண்டாவது காரணம் தமிழுக்கே உரியது. இதழை வடிவமைத்தவர் மேக் கணினியில் வேலை செய்தார். மேக்கின் பழைய எச்எஃப்எஸ்+ கோப்பு முறை, பெயர்களைப் பிரித்த வடிவில் வைத்துக்கொள்ளும். "தொகுதி" என்று எழுதினால் தொ என்பதில் உள்ள ஒகரக் குறி ஒற்றைக் குறியாக இல்லாமல், எகரக் குறியும் காலுமாக இரண்டாகப் பிரியும். திரையில் வேறுபாடே தெரியாது. பைட்டில் "தொ" சேர்ந்த வடிவில் ஆறு, பிரிந்த வடிவில் ஒன்பது. விண்டோஸில் தட்டச்சு செய்த "தொகுதி"யும் மேக்கிலிருந்து வந்த "தொகுதி"யும் சர்வருக்கு இரண்டு வேறு பெயர்கள். பட்டியலில் ஓர் இதழ் இரண்டு முறை வந்ததற்கும், தேடினால் கிடைக்காததற்கும் இதுதான் காரணம். பெயர்கள் உள்ளே வரும்போதே சேர்ந்த வடிவுக்கு மாற்றிவிடுகிறோம்; பன்மொழி எழுத்துகளைக் கையாளும் பிஎச்பியின் இன்டில் நீட்சியில் நார்மலைசர் வகுப்பு இதைச் செய்கிறது.

பேஸ்நேம் என்ற பிஎச்பி செயல்கூறை இந்தப் பாதையிலிருந்து அகற்றினோம். பாதையிலிருந்து கோப்புப்பெயரைப் பிரித்தெடுக்கும் அந்தச் செயல்கூறு சர்வரின் லொக்கேல் (மொழி, எழுத்து) அமைப்பைச் சார்ந்தது. பொருந்தாத லொக்கேலில், பெயரின் முன்னால் நிற்கும் தமிழ் எழுத்துகளை அது உதிர்த்துவிட்டு ஆண்டையும் நீட்டிப்பையும் மட்டும் கொடுக்கக்கூடும்.

பெயரின் நீளத்துக்கும் எல்லை வைத்தோம். லினக்ஸிலும் ஆண்ட்ராய்டிலும் ஒரு கோப்புப்பெயருக்கு 255 பைட் உச்சவரம்பு. ஆங்கிலத்துக்கு அது 255 எழுத்து. தமிழுக்கு 85 குறிகள். மெய்யும் புள்ளியும் தனித்தனிக் குறிகள் என்பதால் உண்மையான எழுத்துக் கணக்கு இன்னும் குறையும். மலர்களுக்கும் சிறப்பிதழ்களுக்கும் வைக்கும் தலைப்புகள் இதைத் தாண்டிவிடும். பைட்டை மட்டும் பார்த்து வெட்டினால் "இதழ்" என்பது "இதழ" என்று புள்ளியை இழந்து நிற்கும். இன்டில் நீட்சியிலுள்ள கிராஃபீம்_எக்ஸ்ட்ராக்ட், பைட் வரம்பைக் கொடுத்தால் முழு எழுத்தின் எல்லையில் வெட்டித் தருகிறது.

கேள்விக்குறி, முக்காற்புள்ளி, சாய்கோடு, இரட்டை மேற்கோள் போல விண்டோஸ் ஏற்காத குறிகளைச் சர்வரிலேயே சிறு கோடாக மாற்றினோம். உலாவிகளிடம் விட்டால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறியைப் போடும். கோப்பின் வகையையும் உள்ளபடியே சொன்னோம். பழைய நிரல் "ஃபோர்ஸ்-டவுன்லோடு" என்று ஓர் இல்லாத வகையை அனுப்பியது. பல ஆண்டுகளாக எடுத்துக்காட்டு நிரல்களில் சுற்றிவரும் வழக்கம் அது. இறக்கச் சொல்வதற்கு "அட்டாச்மென்ட்" என்ற சொல்லே போதும். ஈபப்புக்கு அதன் சொந்த வகையைச் சொன்னால் சில உலாவிகள் பின்னால் ".ஸிப்" என்று ஒட்டுவதும் நின்றுவிடும்.

எளிய பெயரில் என்ன எழுதுவது என்பதில் ஆசிரியர் குழுவோடு நீண்ட பேச்சு நடந்தது. தமிழ்த் தலைப்பை ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்க்கலாம் என்றார்கள். இயந்திரம் செய்யும் ஒலிபெயர்ப்பில் ழகரமும் ளகரமும் லகரமும் ஒன்றாகிவிடும். பெயர் பார்க்கவே சகிக்காது. ஆண்டும் மாதமும் போதும் என்று முடிந்தது. எக்ஸ்ப்ளோரர் 8 வாசகர்களுக்கு இதில் ஓர் இழப்பு உண்டு. கூட்டல் குறியோடாவது தமிழில் பெயர் பார்த்தவர்கள், இனி ஆங்கிலப் பெயரைத்தான் பார்ப்பார்கள். எளிய பெயரில் விழுக்காட்டுக் குறியாக்கத்தைப் போட்டு அவர்களைத் திருப்திப்படுத்தியிருக்கலாம். ஆனால் உடுக்குறி தெரியாத பழைய சஃபாரியும், இன்றும் எளிய பெயரையே எடுத்துக்கொள்ளும் கர்ல் போன்ற கட்டளைவரிக் கருவிகளும் அந்தக் குறிக் குவியலைத்தான் பெயராகக் காட்டும். அவர்களுக்கு மட்டும் ஒரு கிளை எழுதினால் மறுபடி யூசர்-ஏஜென்டைப் பார்க்க வேண்டிவரும். 2014 ஏப்ரலில் எக்ஸ்பிக்கான ஆதரவு முடியவிருந்தது. இழப்பைத் தெரிந்தே ஏற்றோம், வாசகர்களுக்கும் எழுதித் தெரிவித்தோம்.

"பேசாமல் எல்லாவற்றுக்கும் ஆங்கிலப் பெயரே வைத்துவிடுங்கள்" என்ற யோசனை ஒவ்வொரு கூட்டத்திலும் வந்தது. அது வேலையைச் சுருக்கும். ஆனால் தமிழ் இதழை வாங்கியவரின் கணினியில் அது தமிழ்ப் பெயரோடு இருக்க வேண்டும் என்று இதழாசிரியர் பிடிவாதமாக நின்றார். நானும் அவர் பக்கம்தான். தரநிலை இடம் கொடுக்கிறது, உலாவிகள் ஏற்கின்றன. பிறகும் நம் எழுத்தை நாமே விலக்குவதற்குச் சோம்பல் தவிர வேறு காரணம் இல்லை.

சோதனைக்கென ஒரு பெயர்ப் பட்டியல் வைத்திருக்கிறோம். காற்புள்ளி, அரைப்புள்ளி, "50% தள்ளுபடி", "சி++", ஒற்றை மேற்கோள், ஸ்ரீ, க்ஷ, பிரிந்த வடிவில் ஒகரமும் ஓகாரமும், வரம்பைத் தாண்டிய நீளத் தலைப்பு ஆகியவை அதில் உண்டு. ஒவ்வொரு பெயருக்கும் சர்வர் அனுப்பும் ஹெடர் பைட் பைட்டாகச் சரிபார்க்கப்படும். இறக்கிய கோப்பும் மூலக் கோப்பும் அளவை வைத்து அல்லாமல் ஹாஷ் மதிப்பை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) வைத்து ஒப்பிடப்படும். பிறகு உண்மையான உலாவிகளில் கையால் ஒரு சுற்று. இன்று புதிதாக எழுதுபவர்கள் ஹெடரைத் தாமே கோக்க வேண்டியதில்லை. சிம்ஃபொனி, லாராவெல், ரெயில்ஸ், ஸ்பிரிங் ஆகிய நிரல் சட்டகங்கள் எல்லாம் இரண்டு பெயரையும் சேர்த்து ஹெடரை உருவாக்கித் தருகின்றன. அப்படித் தந்தாலும் இந்தப் பட்டியலை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

அந்த ஹெடர் வரியை அதன் பிறகு மாற்றவில்லை. எட்ஜ் வந்தது, 2020இல் அதுவே குரோமியத்துக்கு மாறியது, 2022 ஜூனில் எக்ஸ்ப்ளோரர் 11 ஓய்வுபெற்றது, குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் நூறாவது பதிப்பைத் தாண்டின. ஒவ்வொரு முறையும் பட்டியலை ஓட்டினோம், ஒன்றும் உடையவில்லை.

இன்னும் மீதியிருப்பது

செல்பேசிகள் வேறு வகைச் சிக்கலைக் கொண்டுவந்தன. ஐபோனில் 2019இல் வந்த ஐஓஎஸ் 13 வரை சஃபாரிக்குப் பதிவிறக்க மேலாளரே கிடையாது. பிடிஎஃப் திரையில் திறக்கும், வாசகர் அதைத் தாமே வேறு செயலிக்கு மாற்ற வேண்டும். ஆண்ட்ராய்டில் உலாவி பெற்ற முகவரியைப் பதிவிறக்க மேலாளரிடம் ஒப்படைக்கும்போது, அது புதிதாக ஒரு கெட் கோரிக்கை (படிவ விவரம் இல்லாமல் முகவரியை மட்டும் கேட்பது) அனுப்பலாம். படிவத்தைப் போஸ்ட் முறையில் அனுப்பிக் கோப்பைப் பெறும் வழி அங்கே உடையும். ஒரே ஒரு முறை மட்டும் செல்லும் இணைப்பும் உடையும். முதல் கோரிக்கையிலேயே அதன் ஆயுள் முடிந்துவிடுகிறது.

அரட்டைச் செயலிகளுக்குள்ளேயே திறக்கும் உலாவிதான் இப்போது அதிகம் தொந்தரவு தருகிறது. ஆண்ட்ராய்டில் செயலிகளுக்குள் பக்கத்தைத் திறக்கும் கூறான வெப்வியூ, அதை வைத்திருக்கும் செயலி தனியாக ஏற்பாடு செய்யாவிட்டால், அட்டாச்மென்ட் என்று வரும் கோப்பை வாங்கிக்கொள்வதே இல்லை. சொடுக்கினால் எதுவும் நடக்காது, பிழைச் செய்தியும் வராது. சர்வரிலிருந்து இதைச் சரிசெய்ய வழியில்லை. வேறு உலாவியில் திறந்தாலோ, அரட்டைச் செயலிக்குள் செய்த நுழைவு அங்கே செல்லாது. மறுபடி சந்தா எண் கேட்கும். அதனால் ஒவ்வோர் இதழின் இணைப்பிலும் காலாவதி நேரத்தையும் சர்வரின் கையொப்பத்தையும் சேர்த்திருக்கிறோம். அந்த நேரத்துக்குள் எந்த உலாவியிலிருந்தும் எத்தனை முறை கேட்டாலும் கோப்பு கிடைக்கும். இணைப்புக்கு அடியில் "இறங்கவில்லை என்றால் இதை நகலெடுத்து வேறு உலாவியில் ஒட்டுங்கள்" என்ற வரியும் நகலெடுக்கும் பொத்தானும் எல்லோருக்கும் தெரியும்படி இருக்கின்றன. எந்தச் செயலிக்குள்ளிருந்து வருகிறார் என்று பார்த்து அந்த வரியைக் காட்டலாமே என்று ஒரு யோசனை வந்தது. அதற்கும் யூசர்-ஏஜென்டைத்தான் படிக்க வேண்டும் என்பதால் செய்யவில்லை.